கடை எண் இருபத்து மூன்று

இரண்டு மனுவும் என்னிடம்தான் வந்தன.
காலையில் ஆதரவு, மதியம் எதிர்ப்பு.
பக்கத்துக்கு இருபது ரூபாய்,
சந்திப்பிழை திருத்தம் இலவசம்.

கோத்தகிரி பைன்ரிட்ஜ் பிளாசாவில்
நாற்பத்தொரு கடை. திறப்பது பதினாறு.
எஸ்கலேட்டர் நின்று நான்கு வருடம்.
ஏறுகிறவர்கள் இன்னும்
கைப்பிடியைப் பற்றிக்கொண்டே ஏறுகிறார்கள்
சட்டென்று நகர்ந்துவிடும் என்பதுபோல.

மேற்குப் பாதியை இடித்துவிட்டுக்
கோயம்புத்தூர்க்காரர்களின் பெருங்கடை வருமாம்.
அரிசி, டி.வி., செருப்பு, மீன், எல்லாம் ஒரே கூரையில்.
இருநூறு கார் நிற்க இடம்.
வரைபடத்தைப் பன்னிரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன்.
என் ஜெராக்ஸ் மெஷின் இருக்கிற இடத்தில்
தள்ளுவண்டிகள் நிற்கும் என்று
எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

போஜன் எழுதச் சொன்னார்:
"வெங்காயம் மலையேறி வந்த கூலியை
என்கிட்ட வாங்குறாங்க.
என் பச்சைத்தேயிலை மலையிறங்கிப் போற கூலியையும்
என்கிட்டயே வாங்குறாங்க.
ஒரு கூலியாவது குறையட்டும், பெரிய கடை வரட்டும்."
அந்த வரியை மட்டும்
கேட்காமலே தடித்த எழுத்தில் போட்டேன்.

பாரஸ்மல் எழுதச் சொன்னார்:
"மண் சரிந்து சாலை மூடிய பதினோரு நாளும்
எங்கள் குடோன் அரிசியைத்தான் ஊர் தின்றது.
கம்ப்யூட்டர் பில் போடுகிறவன்
கடன் நோட்டு வைத்திருப்பானா?"
அந்தப் பதினோரு நாளும் என்ன விலைக்கு விற்றார் என்பது
மனுவில் இல்லை.
நான் தட்டச்சு செய்கிறவள். கேட்கவில்லை.

கூட்டம் மாடியில், மூடிப்போன ஓட்டலுக்குள்.
கூரை ஒழுகும் இடத்தில் பெயிண்ட் டப்பா.
கம்பெனிப் பையன் சுவரில் படம் காட்டினான்.
கண்ணாடி, செடித்தொட்டி, சிரிக்கிற குடும்பம்,
யாருக்கும் ஸ்வெட்டர் இல்லை.
"ஜனவரியில வந்து பாருங்க தம்பி" என்றது ஒரு குரல்.
தண்ணீர் எங்கிருந்து என்று ஒருவர்,
குப்பை எங்கே போகும் என்று ஒருவர்,
பிளாஸ்டிக் தடையைப் பற்றி இரண்டு பேர்,
பார்க்கிங்கில் காட்டெருமை நுழைந்தால்
டோக்கன் போடுவீங்களா என்று பின்வரிசை.
சிரிப்பு அடங்கவே ஐந்து நிமிடம்.

அப்போதுதான் யோகமலர் எழுந்தாள்.
எழுந்தாள் என்பது தப்பு,
சுவரோரம் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தாள்.
பாரஸ்மல் துணிக்கடையில் பதினாலு வருடம்.
"புதுக் கடையில் எங்களுக்கு
உட்கார நாற்காலி உண்டா?"

பையன் மடிக்கணினியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.
கார் இருந்தது, தள்ளுவண்டி இருந்தது, லிஃப்ட் இருந்தது.
"கேட்டுச் சொல்றேன் மேடம்."

அவள் திரும்பினாள்.
"சரி. இருக்கிற கடையில?"

பாரஸ்மல் கூரையைப் பார்த்தார்.
பெயிண்ட் டப்பாவில் சொட்டு விழுகிற சத்தம்
அதுவரை யாருக்கும் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் கையெழுத்துகளை ஸ்கேன் செய்தேன்.
முப்பத்தேழு பேர் இரண்டிலும் போட்டிருந்தார்கள்.
பேக்கரி குஞ்ஞாலியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
கண்ணாடியைத் துடைத்து நிதானமாகப் பார்த்துவிட்டு,
"ரெண்டுலயும் என் பேரு சரியாத்தானே இருக்கு?" என்றார்.
போகும்போது ஒரு வர்க்கி பொட்டலம் வைத்துவிட்டுப் போனார்.

எனக்கும் இரண்டிலும் ஒரு வரி காலியாக இருந்தது.
நஷ்ட ஈடு தருவார்கள் என்றது ஒரு தாள்.
வாடகை ஏறாது என்றது இன்னொன்று.
ஒன்பது மாத வாடகை பாக்கி என்று
என் நோட்டு சொன்னது.

கடை சாத்தும் நேரம் யோகமலர் வந்தாள்.
ஒரு மனு, ஒரே வரிதான், காசு எவ்வளவு என்றாள்.
'பெறுநர்' என்று அடித்து நிறுத்தினேன்.
"யாருக்குன்னு போட?"
"ரெண்டு பேருக்கும் போடுங்க."

கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
வெளியே மேகம் ஷட்டர்வரை வந்துவிட்டது.
அவள் சொல்லச் சொல்ல அடித்தேன்,
பாதியில்தான் கவனித்தேன்.
என் கடையிலும் இருப்பது ஒரே நாற்காலி.
அதில் நான் இருந்தேன்.